காப்பி - பேஸ்ட் செய்யக் கூடாத உடற்பயிற்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவரிடம் எல்லாரும் ஏதாவது ஓர் ஆலோசனை சொல்வார்கள். ஆண்ட்டி வைரஸ் போட்டீர்களா என்று ஒருவர் கேட்பார். யு.பி.எஸ். இல்லாமல் ஆன் செய்யாதீர்கள் என்பார் இன்னொருவர். பாஸ்வேர்டை எழுதி மானிட்டரில் ஒட்டாதீர்கள், முக்கியமான பைல்களுக்கு பேக் அப் எடுங்கள் என்று இது போன்ற பக்கங்களிலும் எழுதப்படுகிறது. கம்ப்யூட்டருக்கு என்ன ஆகும் என்று இவ்வளவு கவலைப்படுகிறோம். ஆனால் அதன் முன் உட்காருகிறவருக்கு என்ன ஆகும் என்பதை, அவருக்குக் கழுத்து வலி வந்த பிறகுதான் பேசுகிறோம். அப்போதும் எப்படிப் பேசுகிறோம்? "இதுக்கு ஒரு எக்சர்சைஸ் இருக்கு, அனுப்புறேன் பாருங்க" என்று சொல்லி மொபைலில் ஒரு படத்தை அனுப்பி விடுகிறோம். நம் கடமை முடிந்து விடுகிறது.

இந்தப் பழக்கம் தவறு என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. உடற்பயிற்சி தவறு என்று நான் சொல்லவில்லை. யாருக்கோ சொல்லப்பட்ட பயிற்சியை, அளவு தெரியாமல், காப்பி செய்து நம் உடம்பில் பேஸ்ட் செய்வதுதான் தவறு. இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. நானே செய்து, அவதிப்பட்டு, அதன் பிறகு கற்றுக் கொண்டு சொல்கிறேன்.

பிரிண்ட் எடுத்து ஒட்டிய 12 பயிற்சிகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், பதிப்பகங்களுக்குப் புரூப் பார்க்கும் வேலையை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தேன். அதற்காகவே ஒரு லேப்டாப்பும் சிறிய பிரிண்டரும் வாங்கினேன். சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு நேரம் போவதே தெரியாது என்பார்களே, அப்படித்தான் எனக்கும் நடந்தது. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டிற்குத்தான் எழுந்திருப்பேன். லேப்டாப் திரை கீழே இருக்கும், எழுத்துகளோ சிறியவை. தலையை முன்னால் நீட்டி, முதுகை வளைத்துப் படித்துக் கொண்டிருப்பேன்.

மூன்றாவது மாதத்தில் வலது தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு பிடிப்பு வந்தது. ஸ்கூட்டரைப் பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்க்க முடியவில்லை. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பத்தே நிமிடத்தில் வாட்ஸ் அப்பில் ஒரு படம் வந்தது. "7 நாளில் கழுத்து வலி பறந்து போகும்" என்று தலைப்பு. கீழே 12 பயிற்சிகள், 12 படங்கள். புதிய பிரிண்டர் வீட்டில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? கலர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

படத்தில் எத்தனை முறை செய்ய வேண்டும் என்று போடவில்லை. அதிகம் செய்தால் சீக்கிரம் சரியாகும் என்பது என் கணக்கு. ஒவ்வொன்றையும் 30 முறை செய்தேன். தலையைக் கையால் பிடித்து இடது பக்கம் இழுக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. இழுக்கும்போது வலித்தது. வலித்தால்தானே வேலை செய்கிறது என்று அர்த்தம்? இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

இரண்டாவது வாரம் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போக ஆரம்பித்தன. பயிற்சி போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று ஆக்கினேன். ஒரு நாள் காலை காப்பி டம்ளரைக் கையில் வாங்கினேன். பிடித்தது போல்தான் இருந்தது. டம்ளர் கீழே விழுந்தது. கை நழுவியது என்று சொல்ல முடியாது. பிடிக்க வேண்டிய பலம் கையில் இல்லை. "ஏங்க, அந்தக் கம்ப்யூட்டரையே வித்துடுங்க" என்றார் மனைவி. எனக்குப் பேச்சு வரவில்லை. மவுஸ் பிடிக்க முடியாவிட்டால் புரூப் வேலை இல்லை. அந்த வருமானத்தை நம்பித்தான் லேப்டாப்பிற்கே தவணை கட்டிக் கொண்டிருந்தேன்.

"இது யாருக்கு எழுதினது சார்?"

எலும்பு மருத்துவரிடம் போனேன். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்பு ஒன்று, கழுத்தில் அது புறப்படும் இடத்தில் அழுத்தப்பட்டிருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிசியோதெரபி செய்து கொள்ளச் சொன்னார். வீட்டிற்குப் பக்கத்தில் இருந்த ஒரு சென்டருக்குப் போனேன். பத்து நாள் மெஷின் வைத்தார்கள். கடைசி நாளில் பயிற்சிகள் அச்சடித்த ஜெராக்ஸ் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் தோள் வலிக்கு வந்திருந்தவர் கையிலும் அதே தாள்தான் இருந்தது. நண்பர் இலவசமாக அனுப்பிய படத்திற்கும் நான் பணம் கொடுத்து வாங்கிய தாளுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு உறவினர் ஒருவர் சொன்ன வேறொரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். வயதில் என் மகளைப் போன்றவர். அவர் முதல் அரை மணி நேரம் ஒரு பயிற்சியும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேள்விகள்தான் கேட்டார். வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, இரவில் தூக்கம் கலைகிறதா, எந்த விரல் மரத்துப் போகிறது, சட்டை பட்டன் போட முடிகிறதா, நடையில் தடுமாற்றம் உண்டா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்காருகிறேன் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக் கொண்டார். பிறகு இரண்டு கைகளின் பலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சிறிய சுத்தியலால் முழங்கையில் தட்டினார். பஞ்சால் விரல்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார்.

கடைசியில் நான் கொண்டு போயிருந்த கலர் பிரிண்ட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "இது யாருக்கு எழுதினது சார்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நண்பருக்கு யாரோ அனுப்பியது. அந்த யாரோவுக்கு இன்னும் யாரோ அனுப்பியிருப்பார்கள்.

"வேற ஒருத்தர் பேருக்கு எழுதின மாத்திரைச் சீட்டை வச்சு மெடிக்கல்ல மருந்து வாங்கிச் சாப்பிடுவீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன். "இதுவும் அதுதான் சார்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளில் மூன்றே மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு வரியிலும் பயிற்சியின் பெயர், எத்தனை விநாடி, எத்தனை முறை, ஒரு நாளில் எத்தனை வேளை, எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும் என்று இருந்தது. கழுத்தை இழுக்கும் பயிற்சி ஒன்று கூட இல்லை. "இவ்வளவுதானா மேடம்?" என்று கேட்டே விட்டேன். பீஸ் கொடுத்தவனுக்கு 12 பயிற்சிகள் போய் 3 வந்தால் ஏமாந்தது போல்தானே இருக்கும்? "இதை ஒழுங்கா செஞ்சுட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க. அப்புறம் மாத்தலாம்" என்றார்.

அந்த மூன்று வரிகளை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே ஒருவர் அதை போட்டோ எடுத்து அனுப்புவார். அது என் கழுத்துக்கு, அந்த வாரத்திற்கு எழுதப்பட்டது.

பயிற்சிக்கும் டோஸ் உண்டு

பிசியோதெரபி படிப்பில் இதற்கு உடற்பயிற்சிப் பரிந்துரை என்றே பெயர். மருத்துவர் மாத்திரையின் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பதில்லை. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, எத்தனை நாள், சாப்பாட்டிற்கு முன்பா பின்பா என்றும் எழுதுகிறார். பயிற்சிக்கும் அதே போல் நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

1. எந்த வகை?: தசையை நீட்டும் பயிற்சியா, பலப்படுத்தும் பயிற்சியா, மூட்டை அசைக்கும் பயிற்சியா, நடைப் பயிற்சியா?

2. எவ்வளவு தீவிரம்?: எவ்வளவு தூரம் இழுப்பது, எவ்வளவு எடையைத் தூக்குவது?

3. எவ்வளவு நேரம்?: எத்தனை விநாடி பிடிப்பது, எத்தனை முறை செய்வது?

4. வாரத்தில் எத்தனை நாள்?: தினமுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாளா?

இந்த நான்குடன் இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது? உடம்பு ஓர் அளவிற்குப் பழகிவிட்டால் அதே அளவில் மேலும் பலன் கிடைப்பது குறைந்து விடும். அப்போது சிறிது கூட்ட வேண்டும். வலி கூடினால் குறைக்க வேண்டும். அதனால்தான் "ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்கிறார்கள். பீஸ் வாங்குவதற்காக அப்படிச் சொல்கிறார்கள் என்று நான் முதலில் தப்பாக நினைத்தேன்.

இந்த அளவுக் கணக்கு ஒரே நாளில் வந்ததல்ல. இரண்டாம் உலகப் போரின் போது அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம், முழங்காலில் அடிபட்ட வீரர்களுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். அது வரை இவர்களுக்கு லேசான எடையைப் பல முறை தூக்க வைப்பதே வழக்கம். அவர் அதிக எடையைக் கொடுத்து, தசை பலம் பெறப் பெற எடையைப் படிப்படியாகக் கூட்டினார். 1945-ல் தன் முறையை வெளியிட்டபோது ஒரு தடவைக்கு 70 முதல் 100 முறை தூக்கச் சொன்னார். 1948-ல் ஆர்தர் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து எழுதியபோது அது அதிகம், 20 முதல் 30 முறை போதும் என்று அவரே மாற்றிக் கொண்டார். இன்று ஜிம்மில் 10 முறை வீதம் 3 செட் என்கிறார்களே, அந்தக் கணக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. முறையைக் கண்டுபிடித்தவரே நோயாளிகளைக் கவனித்துத் தன் அளவைக் குறைத்துக் கொண்டிருக்கிறார். நான் சுவரில் ஒட்டிய தாளை ஒரு முறை கூட யோசித்துப் பார்க்காமல் 30 முறை செய்தேன்.

ஸ்ட்ரெட்ச்சிங்: எத்தனை விநாடி?

கம்ப்யூட்டர் முன் உட்காருபவர்களுக்கு எல்லாரும் முதலில் சொல்வது ஸ்ட்ரெட்ச்சிங், அதாவது தசையை நீட்டும் பயிற்சி. இதில்தான் நம் ஊகங்கள் அதிகம். எனவே இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

தொடையின் பின்புறத் தசை இறுகியவர்களைக் கொண்டு 1994-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு குழு தினமும் 15 விநாடி, இன்னொரு குழு 30 விநாடி, மற்றொன்று 60 விநாடி தசையை நீட்டிப் பிடித்தது. ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் 15 விநாடியை விட 30 விநாடி நல்ல பலன் தந்தது. ஆனால் 30-க்கும் 60-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வில், தினமும் ஒரு முறை செய்தவர்களுக்கும் மூன்று முறை செய்தவர்களுக்கும் பலனில் வேறுபாடு இல்லை. அதிகம் செய்தால் அதிகம் கிடைக்கும் என்ற என் கணக்கு இங்கே அடிபட்டுப் போகிறது.

அப்படியானால் எல்லாரும் 30 விநாடி பிடித்தால் போதுமா என்று கேட்கிறீர்களா? அதுவும் இல்லை. 2001-ல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், அவர்களுக்கு 60 விநாடிதான் கூடுதல் பலன் தந்தது. தசை ஒன்றுதான், பயிற்சியும் ஒன்றுதான். வயது மாறியதும் அளவு மாறி விடுகிறது. பேரனுக்கு ஜிம்மில் சொல்லிக் கொடுத்ததைத் தாத்தா அப்படியே செய்யக் கூடாது என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டுமா?

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு 2011-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பொதுவாக இப்படிச் சொல்கிறது. வாரத்தில் 2 அல்லது 3 நாட்களாவது செய்திட வேண்டும். ஒவ்வொரு முறையும் 10 முதல் 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். முதியவர்கள் 30 முதல் 60 விநாடி. 2 முதல் 4 முறை செய்து, ஒரு பயிற்சிக்கு மொத்தம் 60 விநாடி வந்தால் போதும். தசை இறுகுவது தெரிய வேண்டும் அல்லது லேசான அசௌகரியம் இருக்கலாம். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

இத்துடன் நான் கற்றுக் கொண்ட சில விதிகளையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

குளிர்ந்த தசையை இழுக்காதீர்கள்: ஐந்து நிமிடம் நடந்து, உடம்பு சற்றுச் சூடான பிறகு செய்திடுங்கள். படுக்கையிலிருந்து எழுந்த உடனே கழுத்தை வளைத்து இழுப்பது நல்லதல்ல.

வெட்டி வெட்டி இழுக்காதீர்கள்: மெதுவாகப் போய், நிறுத்தி, மெதுவாகத் திரும்ப வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது.

நரம்பு தசை அல்ல: தசை நீளும்போது இதமான இழுப்பு தெரியும். மின்சாரம் பாய்வது போல் சுரீர் என்று இருந்தாலோ, மரத்துப் போனாலோ, எறும்பு ஊர்வது போல் இருந்தாலோ அது தசை சொல்லும் செய்தி அல்ல. நரம்பு சொல்வது. அந்த இடத்தில் நிறுத்தி விட வேண்டும். நான் செய்த பெரிய தவறு இதுதான். அழுத்தத்தில் இருந்த நரம்பைத் தினமும் இரண்டு வேளை பிடித்து இழுத்துக் கொண்டிருந்தேன்.

இழுத்தால் மட்டும் போதுமா?

இன்னொன்றையும் அந்த பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்று நாம் உணர்வதால் மட்டும் தசை குட்டையாகி விட்டது என்று அர்த்தமில்லை. எட்டு மணி நேரம் தலையைத் தாங்கித் தாங்கிக் களைத்துப் போன தசையும் இறுக்கமாகத்தான் தெரியும். அதை இழுத்தால் அப்போதைக்குச் சுகமாக இருக்கும். மறுநாள் திரும்ப வந்து விடும். சில வாரம் ஸ்ட்ரெட்ச்சிங் செய்தால் முன்பை விட அதிக தூரம் வளைய முடிவதற்கும் தசை உண்மையிலேயே நீண்டு விட்டது காரணமல்ல. அந்த இழுப்பைத் தாங்கும் பழக்கம் நமக்கு ஏற்பட்டு விடுவதே பெரும்பாலும் காரணம் என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை விளக்குகிறது.

களைத்த தசைக்குத் தேவை பலம். டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் அலுவலக ஊழியர்கள் 198 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2011-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஒரு குழுவிற்கு எலாஸ்டிக் பேண்ட் கொண்டு தினமும் 2 நிமிடம் பலப் பயிற்சி. இன்னொரு குழுவிற்கு 12 நிமிடம். மூன்றாவது குழுவிற்கு வாரம் ஒரு முறை இ-மெயிலில் உடல்நலத் தகவல் மட்டும். வாரத்தில் 5 நாள் வீதம் 10 வாரம் செய்த பின், பயிற்சி செய்த இரண்டு குழுவினருக்கும் வலி குறைந்திருந்தது. தினமும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் குறைந்தது என்பதை நன்றாகக் கவனியுங்கள். வெறும் இ-மெயில் பெற்றவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. நமக்கு வரும் வாட்ஸ் அப் படங்கள் அந்த மூன்றாவது குழுவைத்தான் எனக்கு நினைவூட்டுகின்றன.

யூ ட்யூப் எதற்கு இருக்கிறது?

வாசகர்கள் இங்கே என்னுடன் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எல்லாவற்றிற்கும் மருத்துவரிடம் போக முடியுமா? பீஸ் யார் கொடுப்பது? நல்ல பிசியோதெரபிஸ்ட்களே யூ ட்யூபில் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்களே?

நியாயமான கேள்விகள். வலி இல்லாதவருக்குப் பொதுவான பயிற்சிகள் போதும். அதற்கு யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, 2 நாளாவது தசைக்குப் பலப் பயிற்சி, உட்காரும் நேரத்தைக் குறைப்பது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது நம் எல்லாருக்கும் பொருந்தும். சும்மா உட்கார்ந்திருப்பதை விட ஏதாவது கொஞ்சம் செய்வது மேல். உட்கார்ந்து உட்கார்ந்து வரும் சாதாரணப் பிடிப்பிற்கு எழுந்து நடந்து, தோளை உருட்டி, திரையைக் கண் உயரத்திற்கு ஏற்றினாலே பல பேருக்குச் சரியாகி விடும்.

ஆனால் கை மரத்துப் போதல், கையில் பலம் குறைதல், கைக்கு இறங்கும் வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலுடன் வரும் வலி இவை இருந்தால் யூ ட்யூபைத் தேடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். நடையில் தடுமாற்றம் ஏற்பட்டாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சு வலியோடு கை வலி சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அதைக் கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து விடாதீர்கள்.

வீடியோவின் இடம் எது என்றால், உங்களுக்கு எழுதிக் கொடுத்த பயிற்சியை எப்படிச் செய்வது என்று மறந்து போனால் பார்ப்பதற்கு. வீடியோவில் வருபவர் உங்கள் விரலைத் தொட்டுப் பார்க்க முடியாது. உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. அடுத்த மாடல் பிரிண்டரின் டிரைவரை நம் பிரிண்டருக்குப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பிரிண்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். உடம்பில் அப்படி அன் இன்ஸ்டால் செய்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க முடிவதில்லை.

பீஸ் கொடுத்துப் போகிறவர்களும் கொடுத்த ஜெராக்ஸை வாங்கி மடித்து வைத்துக் கொண்டு வரக் கூடாது. என்னைச் சோதித்துப் பார்த்தீர்களா? இந்தப் பயிற்சி எதற்காக? எத்தனை விநாடி, எத்தனை முறை? எப்போது நிறுத்த வேண்டும்? மறுபடி எப்போது மாற்றுவீர்கள்? இந்த ஐந்தையும் கேளுங்கள். சரியாகப் பதில் வராத இடத்தில் இரண்டாவது முறை பணம் கட்டாதீர்கள்.

கம்ப்யூட்டரையே உதவிக்கு வைத்துக் கொள்ளுங்கள்

எனக்கு வலி கொடுத்த கம்ப்யூட்டரே பிறகு உதவியும் செய்தது. நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலாவது, நேரம். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனை அழுத்திக் கிளாக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் கடிகாரப் புரோகிராம் திறக்கும். அதில் டைமர் பகுதியில் 30 விநாடிக்கு ஒன்று, 30 நிமிடத்திற்கு ஒன்று என இரண்டு டைமர்கள் அமைத்தேன். முதலாவது பயிற்சிக்கு. வாயால் எண்ணும்போது என் 30 விநாடி உண்மையில் 17 விநாடியாக இருந்தது. இரண்டாவது, நாற்காலியிலிருந்து எழுவதற்கு.

அடுத்தது, எழுத்தின் அளவு. பிரவுசரிலும் வேர்டிலும் கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் வீலை உருட்டினால் எழுத்து பெரிதாகும். எழுத்து பெரிதானால் கழுத்து முன்னால் போகாது. லேப்டாப்பின் கீழே நான்கு தடித்த புத்தகங்களை வைத்து, தனியாக ஒரு கீ போர்டும் மவுஸும் இணைத்துக் கொண்டேன்.

மூன்றாவது, எக்ஸெல். தேதி, பயிற்சி, விநாடி, எத்தனை முறை, செய்யும்போது வலி, மறுநாள் காலை வலி என ஆறு கட்டங்கள். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். வலியே இல்லை என்றால் 0. மறுநாள் காலை வலி முதல் நாளை விடக் கூடியிருந்தால் அளவு அதிகமாகி விட்டது என்று பொருள். ஒரு வாரம் கழித்து இந்தத் தாளைக் கொடுத்தபோது பிசியோதெரபிஸ்ட் மிகவும் மகிழ்ந்து போனார். புதன்கிழமை மட்டும் வலி 3-லிருந்து 6-க்கு ஏறியிருந்தது. அன்று என்ன செய்தேன் என்று கேட்டார். ஆர்வத்தில் ஒரு பயிற்சியை 10-க்குப் பதில் 20 முறை செய்ததை ஒப்புக் கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஏழு நாளில் எதுவும் பறந்து போகவில்லை. முதல் இரண்டு வாரம் வலி சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான். ஆறாவது வாரம் கட்டைவிரலில் உணர்வு திரும்பியது. அதன் பிறகுதான் எலாஸ்டிக் பேண்டைக் கையில் கொடுத்தார். அதையும் இரண்டு முறை மாற்றினார். மூன்று மாதத்தில் பழையபடி புரூப் வேலையை முழுதாக எடுத்துக் கொள்ள முடிந்தது. ஆள்காட்டி விரலின் நுனியில் மட்டும் சில நாள் லேசாக மரத்துப் போகும். அன்று எக்ஸெல் தாளைப் பார்ப்பேன். பெரும்பாலும் எழுந்து நடக்காத நாளாக இருக்கும்.

போன மாதம் அதே நண்பர் போன் செய்தார். அவருக்கு இப்போது வலது தோளைத் தூக்க முடியவில்லையாம். "உனக்கு எழுதிக் கொடுத்தாங்களே மூணு பயிற்சி, அதைக் கொஞ்சம் அனுப்பேன்" என்றார். அனுப்ப மாட்டேன் என்றேன். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாவது நாள் நானே ஆட்டோ பிடித்து அவரை அழைத்துக் கொண்டு போனேன். அவருக்குக் கழுத்தில் ஒன்றுமில்லை. தோள் மூட்டு இறுகிப் போயிருந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும் என்று சொன்ன பிசியோதெரபிஸ்ட், சர்க்கரை அளவையும் பார்த்துக் கொள்ளச் சொன்னார். அவருக்கு எழுதிக் கொடுத்த தாளில் இரண்டு வரிகள் இருந்தன. என் தாளில் இருந்த ஒரு பயிற்சி கூட அதில் இல்லை.